புதுப்பிப்பு: வாசிப்புக் குழுவுக்குப் புத்தகம் தேர்வு
வகுப்பில் சில குழந்தைகளைச் சேர்த்து வாசிக்க வைக்கும் சிறு குழு வாசிப்புக்குப் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி, குழந்தை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை சொல் சரியாக வருகிறது என்று குறிப்பெடுக்கிறேன். 100 சொல்லில் 90 முதல் 94 வரை சரியாக வந்தால் அந்தப் புத்தகம் நம் துணையோடு வாசிக்கும் பாடத்துக்கு ஏற்றது, 95-ஐத் தொட்டால் தானாக வாசிக்கக் கொடுக்கலாம் என்பது வழக்கமான அளவு.

ஆனால் எண் மட்டும் போதாது. எறும்பு பற்றிய புத்தகத்தில் ஒரு சிறுமி ‘சுரங்கம்’ என்ற சொல்லில் தடுக்கி நின்றாள். நான் வாய் திறக்கவில்லை. படத்தைப் பார்த்தாள், வரியின் தொடக்கத்துக்குப் போனாள், “சுர... சுரங்கம்!” என்றாள். அவளுக்கு அது சற்றுக் கடினமான புத்தகம்தான். எறும்பு மீதிருந்த ஆசை இழுத்துக்கொண்டு போனது.

அப்புறம், குழுக்களை அடிக்கடி மாற்றுகிறேன். உரக்க வாசிக்கக் கூச்சப்படும் குழந்தைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?