டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் (குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டும் கணினி விளையாட்டு): ஆறில்லாத இடத்தில் நீர்ச்சக்கரம்?

கேள்வி: என் கோட்டைப் பக்கம் ஆறே கிடையாது, ஒரு குட்டைதான். மாக்மாவை (உருகிய பாறைக் குழம்பை) மேலே ஏற்ற, ஒன்றின்மேல் ஒன்றாகப் பம்ப் அடுக்கு கட்டியாச்சு. ஆள் வைத்து ஓட்டினால், குள்ளன் பாதியில் பீர் குடிக்கப் போய்விடுகிறான். விசைக்கு என்ன வழி?

பதில்: குட்டைத் தண்ணீரே போதும். ஸ்க்ரூ பம்ப் (திருகு சுழன்று ஏற்றும் பம்ப்) கொட்டும் நீர், நீர்ச்சக்கரத்துக்கு அடியில் ஓடி மறுபடி பம்புக்கே வரட்டும். சக்கரம் தரும் விசை 100, தனக்கு எடுப்பது 10, பம்புக்கு 10. மிச்சம் 80 உங்களுக்கு! (இயற்பியல் வாத்தியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.) பல்சக்கரம் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 5 கழியும். தொடக்கத்தில் மட்டும் ஒரு குள்ளன் பம்பை ஓட்டித் தரவேண்டும்.

இன்னொருவர்: அப்புறம், மாக்மா பம்பின் குழாய், திருகு எல்லாம் இரும்பாகவே இருக்கட்டும், மரம் எரிந்துவிடும். தண்ணீர் பீறிட்டால் கால்வாயை ஓரிடத்தில் மூலைக்கு மூலை (இரு கட்டங்கள் மூலையில் மட்டும் தொடும்படி) வெட்டுங்கள், அழுத்தம் அடங்கும்.