பள்ளி நூலகர் வேலை: 'பகுதிநேரம்' என்று போட்டிருந்தால் என்ன பொருள்?

கோபி வாசகி:
வணக்கம். நூலக அறிவியல் பட்டம் முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகன் யு.கே.ஜி. படிக்கிறான். இந்த வாரம் இரண்டு விளம்பரங்கள் கண்ணில் பட்டன. கோபியிலேயே ஒரு மெட்ரிக் பள்ளி: "பகுதிநேர நூலகர், வாரம் 3 நாள், சம்பளம் நேரில்." பெருந்துறைப் பக்கம் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி: "முழுநேர நூலகர், இதரப் பணிகளிலும் ஈடுபாடு வேண்டும்." நேரத்தைத் தவிர வேறு வித்தியாசம் உண்டா? பையனைத் தான் பார்த்துக்கொள்வதாக மாமியார் சொல்கிறார்.

பொள்ளாச்சி நூலகர்:
உண்டு அம்மணி, நிறைய உண்டு. நான் ஐந்து ஆண்டுகள் பகுதிநேரமாகவும் ஒன்பது ஆண்டுகள் முழுநேரமாகவும் வேலை பார்த்தவள்.

பகுதிநேரத்தில் எனக்கு வாரம் மூன்று நாள், காலை 9 முதல் 12.30 வரை. மதிய இடைவேளை 12.40க்கு. நான் பூட்டிவிட்டு பஸ் ஏறிய பிறகுதான் பிள்ளைகளுக்கு ஓய்வே கிடைக்கும். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தினமும் சாப்பிட்டு முடித்த கையோடு ஓடிவந்து, பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவாளாம். வாட்ச்மேன் அண்ணன் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே தலைமையாசிரியரிடம் பேசி 10 முதல் 1.30 வரை என்று மாற்றிக்கொண்டேன். அதனால் முதலில் கேட்க வேண்டியது, மதிய இடைவேளை உங்கள் நேரத்துக்குள் வருகிறதா என்பதுதான்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத வேலை. ஈரோடு புத்தகத் திருவிழா முடிந்ததும் 300 புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, முதுகில் 894.811 (தமிழ் இலக்கியத்துக்கான வகை எண்) என்று சீட்டு ஒட்டி, கணினியில் ஏற்ற ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிடம். மொத்தம் 50 மணி நேரம். எனக்கோ வாரத்துக்குப் பத்தரை மணி நேரம்தான். அதிலும் பாதி நூலக வகுப்புக்குப் போய்விடும். கட்டைப்பையில் வீட்டுக்குத் தூக்கிவந்து ஒட்டினேன். அந்த உழைப்புக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

முழுநேரத்தில் "இதரப் பணிகள்" என்றால் பெரும்பாலும் விடுப்பு எடுத்த ஆசிரியரின் வகுப்பில் போய் உட்காருவது, தேர்வு மேற்பார்வை, பஸ் ஏற்றிவிடுவது. வாரத்தில் எத்தனை பாடவேளை நூலகத்துக்கு என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். மே மாதச் சம்பளம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

பவானிக்கரை:
நான் பள்ளிக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளிக்கு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும். பகுதிநேர ஊழியர் என்பதற்காக விலக்கு கிடையாது. உங்கள் பங்கு 12 சதவீதம், பள்ளியின் பங்கும் அதே அளவு. இன்னொன்று: "3 நாள்" என்பது முழு நாளா, அரை நாளா? 2012இல் அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்களை வாரம் மூன்று அரை நாளுக்கு, மாதம் 5,000 ரூபாய்க்குத்தான் எடுத்தார்கள். அந்தக் கணக்கை மனத்தில் வைத்து விளம்பரம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கோபி வாசகி:
நன்றி அக்கா, நன்றி ஐயா. கோபிப் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினேன். மூன்று அரை நாள்தான். 12 மணிக்குப் பூட்ட வேண்டுமாம், இடைவேளை 12.30க்கு. நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டதற்குத் தாளாளரிடம் நேரில் பேசச் சொன்னார்கள். திங்கட்கிழமை போகிறேன்.