ஒலுவில்–திருகோணமலை சரக்குக் கப்பல்: வாங்குமுன் எதைப் பார்க்க வேணும்?

கல்முனைக்கரை: சுமார் 100 தொன் ஏற்றும் பழைய இரும்புக் கப்பல் ஒன்று விலைக்கு வருது. ஒலுவிலில் இருந்து நெல், திரும்பும்போது சீமெந்து. சரிவருமா?

வாடைக்காற்று: தம்பி, முதல்ல துறைமுக வாயிலைப் பாருங்க. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் அடைச்சது. தோண்டினாலும் கரையோர நீரோட்டம் திரும்பக் கொண்டுவந்து போடும். எங்கட கடலில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் 1 மீற்றருக்கும் குறைவு, அதால பெருக்கைப் பார்த்து உள்ள வாற வழியும் இல்ல. முழுச் சுமையில் கப்பல் எவ்வளவு அமிழும் என்று கேளுங்க. வாயிலில் ஈயக்குண்டுக் கயிறு விட்டு நீங்களே அளவுங்க. அடியில் 1 மீற்றராவது மிஞ்ச வேணும். அலை எழும்பினால் அதுவும் போதாது. அலைப் பள்ளத்தில் கப்பல் இறங்கும்போது அடி தட்டி, சுக்கானும் விசிறியும் உடையும்.

இரும்படி: தண்ணியில் மிதக்கிறபோது பார்த்து விலை பேசவே வேணாம். கரையேற்றி, தடிப்புமானியால தகட்டை அளக்கச் சொல்லுங்க. 8 மி.மீ. தகடு 6க்கு இறங்கியிருந்தா மாற்றுச் செலவை விலையில் கழியுங்க. எஞ்சினுக்குக் கீழே தேங்கும் எண்ணெய்த் தண்ணி உள்ளிருந்தே அரிக்கும், அங்கதான் கூட அளக்கணும். நாகக்கட்டி (இரும்புக்குப் பதிலாத் தான் அரிபட வெளியில் பூட்டும் துத்தநாகத் துண்டு) பாதி கரைஞ்சா புதுசு போடணும்.

சம்மாந்துறை நெல்: நெல் லேசு, எடை சேருமுன் கிடங்கு நிரம்பிடும். வாடகையை எடைக் கணக்கில் பேசாதீங்க, பிடிக்கிற இடத்துக்குப் பேசுங்க. சீமெந்துக்குக் கிடங்கு மூடியின் ரப்பர்தான் உயிர். குழாயால தண்ணி பீச்சிச் சோதியுங்க. கப்பல் காப்புறுதி சரக்கைச் சேர்க்காது, அதுக்கு வேற எடுக்கணும்.