யுகேஜி பிள்ளைக்கு நாள் முழுக்க பாலியஸ்டர் விளையாட்டு உடை, என்ன செய்வது?

வணக்கங்க. ஈரோடு பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 5 வயது. இந்த ஜூனிலிருந்து வாரம் ஐந்து நாளும் விளையாட்டு உடைதான் சீருடை. ஓடியாட வசதி, பட்டன் தொல்லை இல்லை, அதெல்லாம் சரி. ஆனால் துணி முழு பாலியஸ்டர். காலை 9 மணியிலிருந்து 3.30 வரை வியர்வையோடு உடம்பில் ஒட்டிக்கிடக்கிறது. மூன்று வாரமாகக் கழுத்திலும், இடுப்பில் எலாஸ்டிக் பதிகிற இடத்திலும் சிவப்பாக வேர்க்குரு. இரவில் தூக்கத்திலேயே சொறிகிறாள், பார்க்க மனசு கேட்கவில்லை.

உள்ளே பருத்தி பனியன் போட்டோம், புழுக்கம் கூடியது. ஒரு சைஸ் பெரிதாக வாங்கியும் பயனில்லை. டாக்டர் கலமைன் லோஷன் தந்து, பருத்தி உடையே போடச் சொன்னார். வகுப்பு ஆசிரியையோ, "எல்லாருக்கும் ஒரே விதிங்க" என்கிறார். பக்கத்தில் திருப்பூர் இருக்கிறது, அதே நிறத்தில் பருத்தியில் தைத்துக்கொள்ளவும் தயார்.

இப்படிப் பருத்தி உடைக்கு அனுமதி வாங்கியவர்கள், பள்ளியில் என்ன எழுதிக் கொடுத்து வாங்கினீர்கள்?