வலம்(60) போட்டும் முக்கோணம் வரவில்லை

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் 23 பேர். கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு லேப்டாப். பிளஸ் டூ படித்தபோது என் தம்பிக்கு அரசு கொடுத்தது. பேட்டரி போய்விட்டது, கரண்ட் இருந்தால்தான் ஓடும்.

போன வருடம் பிள்ளைகளுக்கு நிரல் (கம்ப்யூட்டருக்கான கட்டளை) எழுதச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது, முதல் மூன்று வாரம் அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வராண்டா முன்னால் இருக்கும் சிமெண்ட் தரைதான் வகுப்பு. ஒரு பிள்ளை ஆமை. கையில் சாக்பீஸ், போகும் வழியெல்லாம் கோடு போட வேண்டும். மற்றவர்கள் கட்டளை சொல்ல வேண்டும். கட்டளை இரண்டுதான்: 'முன்' என்றால் எத்தனை அடி, 'வலம்' என்றால் எத்தனை பாகை. "அந்தப் பக்கம் போடி" என்றால் ஆமை நகரக் கூடாது. இந்த வழி என்னுடையதல்ல. 1967இல் குழந்தைகளுக்கான லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் காட்டியது. திரையில் கட்டளைப்படி கோடு போட்டு நகரும் ஆமை எப்படித் திரும்பும் என்று புரியாவிட்டால், குழந்தையே எழுந்து ஆமையாக நடந்து பார்க்கட்டும் என்பார்.

சதுரம் சுலபமாக வந்தது. அப்புறம் முக்கோணம். மூன்று பக்கமும் சமம் என்றால் மூலை ஒவ்வொன்றும் 60 பாகை என்று நானே சொல்லியிருந்தேன். அதையே கட்டளையாகச் சொன்னார்கள். மூன்று கோடு போட்ட பிறகும் ஆமை புறப்பட்ட இடத்துக்கு வரவில்லை. பாதித் தேன்கூட்டு அறை மாதிரி வாய் திறந்து கிடந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் ஒரு நிமிடம் திகைத்துத்தான் போனேன்.

ஆமையாக நின்ற பெண் சொன்னாள்: "டீச்சர், சதுரம் போட்டு முடிச்சப்போ மறுபடி வேப்பமரத்தைப் பார்த்து நின்னேன். இப்போ மரம் முதுகுப் பக்கம் இருக்கு."

அவ்வளவுதான். "அப்போ இன்னும் அரைச் சுத்து பாக்கி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாலு தொண்ணூறு 360, அதை மூன்றாகப் பிரித்தால் 120. சிலேட்டில் போட்டுக் காட்டியது நான் இல்லை, அவர்கள். மூலைக்குள் இருக்கும் கோணம் வேறு, ஆமை திரும்பும் கோணம் வேறு என்பதை அந்தப் பெண்ணின் கால்கள்தான் எனக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தன.

இதற்குப் பிறகுதான் லேப்டாப். பைத்தான் 3 என்ற நிரல் மொழியில், இதே போலக் கட்டளைக்குக் கோடு போடும் ஆமை வரைபடம் கூடவே வருகிறது. கட்டளைக்குத் தமிழில் பெயர் வைக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு வரி எழுதினால் போதும், முன்(100), வலம்(120) என்றே அடிக்கலாம். ஆங்கில எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! அடைப்புக்குறியை மறந்து "முன் 100" என்று அடித்தால் ஓடாது. "நாங்க ஆமையா இருந்தப்பவும் இப்படித்தானே, சரியாச் சொல்லாட்டி நகர மாட்டோம்" என்று தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

கரண்ட் இல்லாத நாளில், கம்ப்யூட்டர் எண்களை எப்படி வைத்துக்கொள்கிறது என்று காட்ட அட்டை விளையாட்டு. ஐந்து அட்டையில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளி வைத்து, சிலதைத் திறந்து சிலதை மூடி அவரவர் பிறந்த தேதியைக் காட்ட வேண்டும். 19 என்றால் 16, 2, 1 மட்டும் திறந்திருக்கும். ஐந்தையும் திறந்தால் சரியாக 31.

கடைசியாக ஒரு பையன் வட்டம் கேட்டான். கேட்டுவிட்டு அவனே, "ஒரு அடி போய் ஒரு பாகை திரும்பினா, 360 தடவை" என்றான். திருப்பிச் செய்ய வைக்கும் வரியை மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஆமை மெதுவாக வளைந்து பாதி வட்டம் வந்தபோது கரண்ட் போய்விட்டது. கறுத்துப்போன திரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன், மேசையில் இருந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஒரு பாதம் வைத்துக் கொஞ்சமே கொஞ்சம் திரும்பினான், அடுத்த பாதம், மறுபடி திரும்பல். சுற்றி நின்று மற்றவர்கள் எண்ணினார்கள். மணி அடித்தபோது 140இல் இருந்தார்கள். யாரும் பையை எடுக்கப் போகவில்லை.