கானாடுகாத்தான் பக்கம் 3 ஏக்கர், தைலமரம் போடலாமா?

செம்மண்காடு:
எங்க ஐயா காலத்து நெலம், 15 வருஷமா யாரும் எட்டிப் பாக்கல. பாதிக்கு மேல சீமைக்கருவேல் அடைச்சுப் போச்சு, நடுவுல 4 பெரிய வேம்பு, வரப்புல 11 பனை நிக்குது. போர்வெல் இல்ல. நான் சென்னைல, மாசம் ஒருக்க வந்தாலே பெருசு. புரோக்கர் ஒருத்தர் எல்லாத்தையும் ஜேசிபி விட்டு வழிச்சுட்டு தைலமரம் போடுங்க, பேப்பர் மில்லுக்கு வெட்டி அனுப்பலாம்னு சொல்றாரு. எங்க அப்பத்தா களை எடுத்துட்டு வந்து ஒக்காந்த வேம்பு அது, வெட்ட மனசு வரல. என்ன செய்யலாம்?

கரம்பை:
தம்பி, தைலத்துல காசு வரும், பொய் சொல்லல. ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணி ஊத்த வேணாம், 5 வருஷத்துல வெட்டுனா கட்டைல மறுபடி துளுக்கும். ஆனா அதுக்கு அடியில ஒண்ணும் வராது, நாளைக்கு வேற வெள்ளாமைக்குத் திரும்பணும்னா ஒவ்வொரு கட்டையா தோண்டி எடுக்கணும், எங்க பங்காளி நெலத்துல அந்த கூலியே தலைக்கு மேல போச்சு. நான் போட்டேன், இப்ப வருத்தப்படுறேன். பனையத் தொடாதீங்க, அரசு உத்தரவுப்படி கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாது.

மூட்டம்போடுறவன்:
அண்ணே கருவேல்தான் உங்க முதல் வருமானம். கரிமூட்டம் போடுறவங்ககிட்ட மொத்தமா பேசி விடுங்க, நல்ல தடியா இருந்தா கல்யாண சமையலுக்கும் விறகா போகும். மேல மட்டும் வெட்டுனா அடுத்த மழைக்கு மறுபடி வந்துரும், மண்ணு ஈரமா இருக்கப்ப வேரோட புடுங்கச் சொல்லுங்க. ஒரே நேரத்துல 3 ஏக்கரையும் மொட்டை அடிக்காதீங்க, ஒரு ஏக்கர் ஒரு ஏக்கரா போங்க.

உளிச்சத்தம்:
நான் தச்சு வேலை. நம்ம செட்டிநாட்டு வீட்டுல பர்மா தேக்கப் பாத்துட்டு எல்லாரும் தேக்கு வைக்கிறாங்க, தண்ணி இல்லாத செம்மண்ணுல வைரம் பாய ரொம்ப காலம் ஆகும். சந்தனமும் வேணாம்ண்ணே, ஆள் இல்லாத காட்டுல திருடு போயிரும், நம்ம மரமே ஆனாலும் வனத்துறை வழியாத்தான் விக்க முடியும். வேம்பு, பூவரசு, வாகை போதும். வேப்பமரத்துல நிலை, ஜன்னல் செஞ்சா லேசுல கரையான் ஏறாது, கேட்டு வர்றவங்க இருக்காங்க.

செம்மண்காடு:
எல்லாருக்கும் நன்றிண்ணே. மூட்டக்காரர்கிட்ட முதல் ஏக்கருக்குப் பேசுறேன். கன்னு எப்ப வைக்கலாம்?

கரம்பை:
ஐப்பசி மழை புடிச்ச ஒடனே வைங்க. ரெண்டு வருஷத்துக்கு முள்வேலி கட்டாயம், வேப்பங்கன்ன ஆடு விடாது.