பழைய சி.என்.சி. மில்லிங் இயந்திரத்துக்குப் புதிய கட்டுப்பாட்டகம்: ஆலோசனை வேண்டும்

அன்புடையீர், வணக்கம். திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளுக்கான எஞ்சின் பாகங்களைச் செய்து கொடுக்கும் எங்கள் வேலைத்தளத்திலுள்ள, கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் பழைய சி.என்.சி. மில்லிங் இயந்திரத்தின் கட்டுப்பாட்டகம் செயலிழந்துவிட்டது. போல் ஸ்குரூக்கள் (அச்சுகளை நகர்த்தும் திருகுத் தண்டுகள்) இன்னும் உறுதியாக இருப்பதால் அதைப் பழைய இரும்புக்குக் கொடுக்க மனம் வரவில்லை. சேர்வோ ட்ரைவ்கள் (மோட்டார்களை இயக்கும் மின்னணுப் பெட்டிகள்) ±10 வோல்ட் அனலொக் கட்டளையை ஏற்பவை என்பதால், அவற்றையும் மோட்டார்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, கணினியிலிருந்து இயந்திரத்தை இயக்கும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளுடன், அந்த அனலொக் கட்டளையைத் தரும் மெசா 7ஐ77 மின்னணு அட்டையைப் பொருத்துவதே நல்லதென நினைக்கிறேன். சிக்கல், அச்சுகளின் நிலையை அறிவிக்கும் உணரிகளான என்கோடர்களில்தான்: உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் களிம்பேறி, சமிக்ஞை இடையிடையே அறுந்துபோகிறது. கேபிள்களை மட்டும் மாற்றினால் போதுமா, என்கோடர்களையே மாற்ற வேண்டுமா? இத்தகைய வேலையைச் செய்து முடித்தவர்கள், குறிப்பாக அவசர நிறுத்தச் சுற்றைக் கணினியை நம்பியிராமல் தனி ரிலேயில் அமைத்த விதத்தை வரைபடத்துடன் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.